சும்மா இருப்பவர்கள் யாரை அடிப்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் புரூனோ துமோன் இயக்கிய 'லா வி த ஜேசு' (இயேசுவின் வாழ்க்கை, 1997) பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு. திட்டுகளுக்குள்ளும் நல்ல கேள்விகள் இருந்ததால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். பிரான்சின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டி பாயோல் என்றொரு சிற்றூர். அங்கே ஃப்ரெடி. வயது இருபதை ஒட்டி இருக்கும். வேலை இல்லை, வலிப்பு நோய் உண்டு. அம்மா காபி-பார் நடத்துகிறாள், அதுவே வீடு. நாலைந்து கூட்டாளிகள், ஓட்டித் திரிய மொபெட்டுகள். காதலி மரி சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்பவள். அரபுக் குடும்பத்துப் பையன் காதர் அவளிடம் பேச வருகிறான். முதலில் விரட்டுகிறாள், பிறகு அவன் பக்கம் சாய்கிறாள். ஃப்ரெடியும் கூட்டாளிகளும் காதரை மறித்து அடிக்கிறார்கள். ஃப்ரெடி கொடுத்த உதைகளில் காதர் செத்துப்போகிறான்.

கேள்வி: தலைப்பைப் பார்த்து, பெரிய வெள்ளிக்குப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கடைசி வரை இயேசு வரவே இல்லையே!

வருகிறார். எய்ட்ஸ் நோயில் கிடக்கும் கூட்டாளியின் அண்ணனைப் பார்க்கப் பையன்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் இல்லையா? அந்த அறைச் சுவரைக் கவனியுங்கள். செத்துப்போன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பும் ஓவியம் மாட்டியிருக்கும். அந்த அண்ணனை யாரும் எழுப்பவில்லை. துமோன் சினிமாவுக்கு வருமுன் தத்துவம் கற்பித்தவர். வாத்தியார்கள் தலைப்பு வைத்தால் பரீட்சைத்தாள் போலத்தான் இருக்கும்.

கேள்வி: நான் சமூகவியல் படிக்கும் மாணவி. வேலையின்மை, அதனால் சலிப்பு, சலிப்பினால் இனவெறி. இதுதானே படம் சொல்லும் சங்கிலி? ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தால் காதர் பிழைத்திருப்பான் அல்லவா?

உங்கள் பேராசிரியருக்கு இந்தச் சங்கிலி பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, படத்துக்கும் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

காட்சிகள் வரும் வரிசையைப் பாருங்கள். காதர் தன் அப்பா அம்மாவோடு அந்தக் காபிக் கடைக்கு வருகிறான். ஏதாவது குடித்துவிட்டுப் போக வந்த குடும்பம், அவ்வளவுதான். மரியோடு அவனுக்கு அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்குள்ளேயே பையன்கள் கேலியை ஆரம்பித்துவிடுகிறார்கள், குடும்பம் எழுந்து போய்விடுகிறது. அதாவது வெறுப்பு முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, பொறாமை பின்னால்தான் வந்தது. 'காதலியைப் பறித்தான், அதனால் அடித்தான்' என்று கதை சொல்கிறவர்கள் இந்தக் காட்சியை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காரணம் கோர்ட்டில் வக்கீலுக்கு வேண்டுமானால் உதவும்.

அடுத்து, அவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லையா? எனக்கு அப்படித் தெரியவில்லை. மொபெட்டைக் குடைகிறார்கள், வயல் ரோட்டில் விரட்டுகிறார்கள். ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் சீருடை போட்டு மேளம் அடிக்கிறார்கள். ஃப்ரெடி ஒரு பிஞ்ச் குருவி வளர்த்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறான். இந்தப் போட்டி, பாயோலும் அடங்கிய பிளாண்டர்ஸ் பகுதியின் பழைய பித்து. குருவியைச் சின்ன மரப்பெட்டிக்குள் வைத்துப் பெட்டிகளை ரோட்டோரம் வரிசையாக அடுக்குவார்கள். குருவி தன் பாட்டை முழுசாக ஒருமுறை முடித்தால் ஒரு நீளக் குச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு. பாதியில் நிறுத்தினால் கோடு கிடையாது. ஒரு மணி நேரம். அதிகக் கோடு வாங்கிய குருவிக்குப் பரிசு. இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசியுங்கள்! அந்தப் பொறுமை ஃப்ரெடியிடம் இருக்கிறது. குருவியிடம் பேசும்போது அவன் குரலே வேறு.

ஆகவே பொழுது அவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் வராவிட்டால் எங்கும் எதுவும் நின்றுபோகாது. காலையில் அவர்களை எதிர்பார்த்து ஒரு கதவும் திறப்பதில்லை. இது சலிப்பைவிடக் கொடியது. இந்த நிலையில் இருப்பவனுக்கு 'நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், நீ இல்லை' என்று சொல்ல ஒருவன் கிடைத்தால், அது ஒரு பதவி கிடைத்த மாதிரி. சம்பளமில்லாத பதவி.

அந்தப் பதவியை உண்டாக்கியது பையன்கள் அல்ல. பெரியவர்கள். 1995 ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில், குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென் வாங்கியது 15 சதவீதம் வாக்கு. வேலையும் வீடும் பென்ஷனும் உள்ளவர்கள் போட்ட வாக்குகளும் அதில் உண்டு. அதே ஆண்டு மே 1 அன்று, பாரிஸில் அவர் கட்சி நடத்திய ஊர்வலத்திலிருந்து பிரிந்த மொட்டைத்தலைக் கும்பல் ஒன்று, பிராகிம் புவாராம் என்ற 29 வயது மொராக்கோக்காரரை சேன் நதியில் தள்ளியது. அவர் மூழ்கி இறந்தார். படம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. திரையரங்கில் உட்கார்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இது நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்?

வேலை கொடுத்தால் மொபெட் ஓட்டும் நேரம் குறையும். காபிக் கடையில் வாயில் வருவது குறையும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் படத்தில் இல்லை.

கேள்வி: பிரான்சில் வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் என்கிறார்களே. பிறகு எதற்கு இந்த அழுகை?

1988 டிசம்பரில் 'ஆர்.எம்.ஐ.' என்ற குறைந்தபட்ச வருமான உதவிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான் (2009-ல் அதற்குப் பதில் வேறு திட்டம் வந்துவிட்டது), ஆனால் 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே என்றால், கையில் குழந்தையோ வயிற்றில் குழந்தையோ இருந்தால்தான் கிடைத்தது. வேலை பார்த்து இழந்தவர்களுக்கான காப்பீடு வேறு கணக்கு. ஒருநாளும் வேலைக்கே போகாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது? ஃப்ரெடி வயதுக்காரனுக்கு அரசாங்கம் என்றால் அம்மாவின் கல்லாப்பெட்டிதான்.

அந்தப் பிராந்தியத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயோல் அடங்கிய நோர்-பா-த-கலே பிராந்தியம் முழுவதும் நிலக்கரி, துணி, எஃகு என்ற மூன்று தூண்களில் நின்றது. கடைசி நிலக்கரிச் சுரங்கம் ஒய்னியில் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. பாயோல் சுரங்க ஊர் அல்ல. துணியும் லேஸ் பின்னலும் அதன் பெருமை. அந்தப் பெருமைக்கும் ஆள் தேவைப்படவில்லை. இயக்குநர் மொரிஸ் பியாலா 1979-லேயே சுரங்கப் பகுதியின் லான்ஸ் நகரில் 'பாஸ் தோன் பாக் தபோர்' எடுத்தார். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகள் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், மறுபடி காபிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஃப்ரெடியின் மூத்த அண்ணன்மார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, நீங்கள் அந்தப் பக்கம் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருக்கிறீர்கள். பாயோல் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறதா?

லீல் நகரில் ஒரு மருந்துக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பாயோலுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். படம் பார்த்த சூட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

முதலில் உங்களுக்கு ஏமாற்றம் தரும் செய்தி: ஊர் அழகாக இருக்கிறது. 1918-ல் ஜெர்மன் தாக்குதல் நடந்தபோது அநேகமாகத் தரைமட்டமாகி, பிறகு பழைய பிளமிஷ் பாணியில் செங்கல் செங்கலாக மறுபடி கட்டிய ஊர். மணிக்கூண்டு, சதுக்கம், படிப்படியாக ஏறும் முகப்புச் சுவர்கள். திருவிழாவுக்கு கார்கான்துவா என்ற பூத உருவத்தை வீதியில் இழுத்து வருவார்கள். சுற்றுலாப் படங்களில் இதுதான் வரும். துமோன் பிறந்த ஊரே இது (1958). அதனால்தான் அவர் கேமராவை மணிக்கூண்டை நோக்கித் திருப்பாமல், பின்தெருக்களின் மூடிய ஜன்னல்களையும் ஊருக்கு வெளியே தட்டையாகக் கிடக்கும் வயல்களையும் நோக்கி வைத்தார். ஊர்க்காரர்கள் சிலருக்கு அவர் மேல் கோபம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

காபி குடிக்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். பேச்சு நின்றது. ஒரு வினாடிதான், பிறகு தொடர்ந்தது. கடைக்கார அம்மாள் மரியாதையாகவே கொடுத்தாள். வெளியே வந்தபோது சுவரோரம் சில பையன்கள். எனக்கு பிரெஞ்சு தெரியாது என்று நினைத்துக்கொண்ட தைரியத்தில் ஒருவன் என் நிறத்தைப் பற்றி ஒன்று சொன்னான். அதை இங்கே அச்சிட முடியாது. மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஏற்கெனவே பலமுறை கேட்டது போல அரைச் சிரிப்பு. என்னை இன்றும் தொந்தரவு செய்வது அவன் சொன்ன வார்த்தை அல்ல, அதில் கொஞ்சமும் கோபம் இல்லாதது. வானிலை சொல்வது போலச் சொன்னான். கோபம் இருந்திருந்தால் எதிர்த்து ஏதாவது கேட்டிருப்பேன்.

அதற்காக அந்த ஊரையே நான் குற்றம் சொல்ல வரவில்லை. ரயில் நிலையத்தில் ஒரு கிழவர் தானாக வந்து, ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரம் வேறு என்று எடுத்துச் சொல்லி என்னைச் சரியான நடைமேடையில் நிறுத்திவிட்டுப் போனார். படத்தில் இப்படி ஒரு கிழவர் இல்லை. இருந்திருக்கலாம்.

கேள்வி: 'லா ஹேன்' பார்த்துவிட்டு இதைப் பார்த்தேன். அதில் இருந்த வேகம் இதில் இல்லை. இரண்டு தடவை தூங்கிப்போனேன்.

மூன்றாவது தடவை பாருங்கள்.

மத்தியூ கசோவிட்ஸின் 'லா ஹேன்' 1995-ல் வந்தது. பாரிஸ் புறநகர் அடுக்குமாடிகள், யூதன், கறுப்பன், அரபு என மூன்று நண்பர்கள், எதிரே போலீஸ். அங்கே சலிப்புக்கும் ஒரு தாளம் உண்டு, பேச்சில் சாமர்த்தியம் உண்டு. கோபித்துக்கொண்டு பாரிஸுக்கு ரயிலேறவாவது முடியும். பாயோல் பையன்களுக்கு அந்த வாய்ச்சாலகம் கிடையாது. அவர்கள் வாக்கியம் மூன்று சொல்லில் முடிந்துவிடும். அதோடு, அங்கே பயப்பட வைக்கும் 'வெளியாட்கள்' பக்கம் நின்று பார்க்கிறோம். இங்கே வெளியாளைக் கண்டு முறைக்கும் வெள்ளைக்காரப் பையன்களின் பக்கம் நிறுத்தப்படுகிறோம். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

துமோன் தன் படத்தை அகலத்திரையில் எடுத்தார். கௌபாய்ப் படங்களுக்கு உரிய அகலம். அந்த அகலத்தில் ஐந்து மொபெட்டுகள் வயலைக் கிழித்துக்கொண்டு பெரிய சத்தத்தோடு போகின்றன, எங்கே என்று பார்த்தால் புறப்பட்ட இடத்துக்கே. நீங்கள் தூங்கியது அங்கேதான் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: பேண்டு குழுவில் இருக்கும் அந்தப் பருமனான பெண்ணைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

இடம் போதவில்லை என்று சாக்கு சொல்லமாட்டேன். ஃப்ரெடியும் கூட்டாளிகளும் அந்தப் பெண்ணிடம் பாலியல் அத்துமீறல் செய்கிறார்கள். அவள் அப்பா வந்து கத்துகிறார். பையன்களின் முகத்தில் அப்போது வருவது குற்ற உணர்வா, மாட்டிக்கொண்ட எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவள் அவர்கள் நிறம், அவர்கள் ஊர், ஒரே சீருடை போட்டவள். ஆகவே இவர்களின் இளக்காரத்துக்கு அரபு என்ற முகவரி கட்டாயமில்லை. யார் தனியாக நிற்கிறார்களோ, யார் அடித்தால் திருப்பி அடிக்கமாட்டார்களோ, அவர்கள் போதும். காதர் விஷயத்தில் மட்டும் ஊர் அதற்கு ஒரு காரணத்தையும் கையில் கொடுத்து வைத்திருந்தது.

கேள்வி: நடிக்கத் தெரியாத ஏழைப் பையன்களைப் பிடித்து நடிக்க வைத்து, விருது வாங்கியது இயக்குநர். இது சுரண்டல் இல்லையா?

இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஃப்ரெடியாக வரும் தாவித் தூஷ் தொழில்முறை நடிகர் அல்ல. மற்றவர்களும் அந்தப் பகுதியில் தேடி எடுத்தவர்களே. காதராக நடித்தவரின் பெயரும் காதர்தான். 1997-ல் படத்துக்கு பிரான்சின் ழான் விகோ பரிசு, கான் திரைப்பட விழாவில் முதல் படங்களுக்கான கேமரா தோர் பிரிவில் சிறப்புக் குறிப்பு எல்லாம் கிடைத்தன. இரண்டு வருஷம் கழித்து, துமோன் அதே பாயோலில் எடுத்த 'லூமானிதே' கானில் ஜூரிகளின் மகா பரிசோடு, அதன் இரு நாயகர்களுக்கும் நடிப்புப் பரிசுகளையும் வாங்கியது. அவர்களும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. தொழில்காரர்கள் பலர் அப்போது முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த முகச்சுளிப்பு பிடிக்கவில்லை. தொழிலாளியின் முகம் திரையில் வரலாம், மேடையில் வரக்கூடாதா?

ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு அந்த முகம் எங்கே போகிறது என்ற கேள்வி நிற்கிறது. இயக்குநர் லூயி மால் 1974-ல் 'லகோம்ப் லூசியன்' படத்துக்காகக் கண்டெடுத்த பியேர் பிளேஸ், மரம் வெட்டிக்கொண்டிருந்த பையன். படம் உலகம் முழுக்க ஓடியது. அடுத்த ஆண்டே கார் விபத்தில் இறந்துபோனான். அதற்கு இயக்குநர் மேல் குறை சொல்ல முடியாதுதான்.

அந்தப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். 1944, தென்மேற்கு பிரான்சின் கிராமப்புறம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் லூசியன், ஜெர்மானியரை எதிர்க்கும் தலைமறைவுக் குழுவில் சேர வாத்தியாரிடம் கேட்கிறான். வயது போதாது என்று அவர் அனுப்பிவிடுகிறார். பிறகு ஒருநாள் சைக்கிள் பஞ்சராகிறது. இருட்டிய பிறகு தள்ளிக்கொண்டு வரும்போது, ஜெர்மன் போலீஸுக்கு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கியிருக்கும் ஓட்டலில் மாட்டிக்கொள்கிறான். ஊற்றிக் கொடுக்கிறார்கள், அந்த வாத்தியாரின் பெயரைச் சொல்லிவிடுகிறான். மறுநாளிலிருந்து அவன் கையில் துப்பாக்கி, யூதத் தையற்காரர் அவனுக்குப் புது உடை தைக்கிறார். கொள்கை எதுவும் அவனுக்குக் கிடையாது. 'வா, உட்கார்' என்று யார் முதலில் சொன்னார்களோ அவர்களோடு போனான். எழுத்தாளர் பத்ரிக் மோதியானோவும் லூயி மாலும் சேர்ந்து எழுதிய இந்தத் திரைக்கதையைப் பார்த்து, துரோகியை இப்படிச் சாதாரணமாகக் காட்டலாமா என்று பிரான்சில் பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால், ஃப்ரெடியைப் புரிந்துகொள்ளப் படிக்க வேண்டிய பாடம் அந்த பஞ்சரில் இருக்கிறது.

கேள்வி: கடைசிக் காட்சியில் ஃப்ரெடி புல்லில் கிடந்து அழுகிறான். மனம் திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

போலீஸ் நிலையத்திலிருந்து தப்பி ஓடி வந்து அழுகிறான். விமர்சகர்கள் பலர் இங்கே 'அருள்', 'மீட்பு' என்றெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். தலைப்பு அப்படி எழுதத் தூண்டுகிறது. நான் அந்தக் கட்சி இல்லை. அடித்தவனுக்கு வானம், வெயில், புல், நீண்ட காட்சி எல்லாம் கிடைக்கின்றன. அடிபட்டவனுக்கு ரோடு. அழட்டும், நல்லதுதான். மன்னிக்க வேண்டியவன் செத்துவிட்டான்.

கேள்வி: காதர் யார்? எங்கே வேலை பார்க்கிறான், என்ன நினைக்கிறான்? ஒன்றும் தெரியவில்லையே. இனவெறியைக் கண்டிக்கும் படமே அவனை ஒரு நிழலாக விட்டுவிட்டதே?

வந்த கடிதங்களிலேயே இதுதான் சரியான அடி. பெற்றோரைக் காபிக் கடைக் காட்சியில் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அவன் பெரும்பாலும் மரியைத் தேடி வருபவன் மட்டும்தான். ஃப்ரெடிக்குக் குருவி இருக்கிறது. காதருக்கு அப்படி ஒன்று கொடுக்க துமோனுக்குத் தோன்றவில்லை. ஃப்ரெடியின் கண் எவ்வளவு பார்க்குமோ அவ்வளவுதான் படமும் பார்க்கிறது என்று வாதாடலாம். வாதம் புத்திசாலித்தனமானது, எனக்குப் போதவில்லை.

வெளியாளுக்கும் முழு வாழ்க்கை கொடுப்பதை இயக்குநர் ழான் ரெனுவார் 1935-லேயே 'டோனி'யில் செய்து காட்டிவிட்டார். தென்பிரான்சின் மார்த்தீக் பகுதியிலேயே போய் எடுத்த படம். இத்தாலி, ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த கல்குவாரித் தொழிலாளிகளே அதில் நாயகர்கள். அவர்களுக்குக் காதல், பொறாமை, சோம்பல் எல்லாம் உண்டு. துமோனும் 2014-ல் ஆர்ட்தே தொலைக்காட்சிக்கு எடுத்த 'பெத்தி கேன்கேன்' தொடரில் இந்தப் புண்ணுக்குத் திரும்பி வந்தார், இந்த முறை சிரிப்போடு. அதில் கிராமத்துச் சிறுவர்கள் முகமத் என்ற பையனை அவமானப்படுத்துகிறார்கள். ஒரு கட்டத்தில் அவன் வீட்டுக்குள் புகுந்துகொண்டு ஜன்னல் வழியே துப்பாக்கியால் சுடத் தொடங்குகிறான். சிரித்துக்கொண்டிருந்த நமக்கு வாய் மூடிக்கொள்கிறது. நிக்கோலா மத்தியூவின் 2018 கோன்கூர் பரிசு நாவலிலிருந்து 2024-ல் வந்த 'லேர் ஸான்ஃபான் ஆப்ரே ஸோ' இன்னும் ஒரு படி மேல். கிழக்கு பிரான்சின் லொரேனில் இரும்பு உலைகள் அணைந்துபோன பள்ளத்தாக்கு, ஒரு மோட்டார் சைக்கிளை முன்னிட்டு வெள்ளைக்காரப் பையனுக்கும் அசீன் என்ற மொராக்கோக் குடும்பத்துப் பையனுக்கும் பகை. அசீனுக்கு அங்கே அப்பா இருக்கிறார், அவமானம் இருக்கிறது, தனக்கென்று கோடைக்காலங்கள் இருக்கின்றன.

கேள்வி: இனவெறி, கொலை இல்லாமல், கிராமத்தில் சும்மா இருப்பதைப் பற்றி மட்டும் படம் உண்டா?

'ஷியான் த லா காஸ்', 2023. தென்பிரான்சில் ஏரோ மாவட்டத்தின் லு பூழே என்ற கிராமத்தில் எடுத்தது. இரண்டு நண்பர்கள், ஒரு நாய், ஒரு படிக்கட்டு. ஒருவன் பேசிப் பேசியே இன்னொருவனை நசுக்குகிறான். பிறகு ஒரு பெண் வருகிறாள். ரஃபாயேல் கெனார் அந்த வாயாடியாக நடித்து, பிரெஞ்சு சினிமா விருதான சேசார் வாங்கினார், படமும் சிறந்த முதல் படத்துக்கான சேசார் வாங்கியது. வெளியாள் கிடைக்காத ஊரில் இளக்காரம் நண்பன் மேலேயே பாய்கிறது.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, இவற்றில் எதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

துமோன் படத்தைப் பார்க்க வேண்டாம். உறவுக் காட்சிகளில் எதையும் மறைக்கமாட்டார். சிரிப்புத் தொடர்தானே என்று 'பெத்தி கேன்கேன்' போட்டுவிடாதீர்கள், தொடக்கத்திலேயே செத்த மாட்டின் வயிற்றுக்குள் மனித உடல் கிடக்கும். 'லா ஹேன்' பதினாறு வயதுக்கு மேல். 'டோனி' போடுங்கள். அதிலும் ஒரு கொலை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லக்கூடிய கொலை.